வலி எனும் காவலன்: டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை

கேமரன் மலையில் வாழும் நமக்குக் கொழுந்து கிள்ளிய விரல்களைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு, பல ஆண்டுகள் இந்தச் சரிவுகளில் கொழுந்து கையால்தான் பறிக்கப்பட்டது. கத்தரியும் இயந்திரமும் பின்னால் வந்தவை. தோட்டத்து லயங்களுக்கு மளிகையும் துணிமணியும் கொண்டுபோய்க் கொடுத்த நம் பெரியவர்கள், அந்தப் பெண்கள் கொழுந்து கிள்ளும் வேகத்தை வியந்து சொல்வார்கள். கண் அடுத்த செடியில் இருக்கும். விரல் இந்தச் செடியில் வேலை செய்யும். இலை இளசா முற்றலா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் விரல் தொட்டுத் தெரிந்துகொண்டுவிடும். விடியற்காலைப் பனியில் விரல் விறைத்துப் போனால் மட்டும் வேலை தடுமாறும். விறைத்த விரலுக்கு இலை தெரியாது.

தொடு உணர்வின் அருமை அது மரத்துப்போகும்போதுதான் நமக்குப் புரிகிறது. ஒரு நாள் குளிரில் மரத்துப்போன விரல் சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் சரியாகிவிடும். வாழ்நாள் முழுவதும் மரத்துப்போன கைகளோடும் கால்களோடும் வாழ்கிறவர்களின் கதி என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் நம் இனத்தவர் அல்லர். நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பாதிரியாரின் மகன். ஆனால் தமிழ்நாட்டு மலை ஒன்றில் பிறந்து, தமிழ் கேட்டு வளர்ந்து, ஏழைத் தமிழர்களின் கைகளையும் கால்களையும் காப்பாற்றியவர். நம் சங்கத்தின் பொன்விழா மலரில் அவர் வாழ்க்கையைச் சொல்லத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கண்டறிந்த உண்மை இன்று நம் வீடுகள் பலவற்றுக்கு அவசியமாகத் தேவைப்படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

விரல் நுனியிலிருந்து மூளை வரை

முதலில், தொடுதல் என்பது உடலில் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இது தெரிந்தால்தான் பிராண்ட் செய்த காரியத்தின் பெருமை விளங்கும்.

நம் ஒரு உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் மட்டும் தொடுதலை அறியும் உணர்முனைகள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன. இவற்றில் நான்கு வகை உண்டு. ஒரு வகை பொருளின் விளிம்பையும் வடிவத்தையும் அறியும். இன்னொரு வகை, பிடித்த பொருள் நழுவுவதை உடனே அறியும். மூன்றாவது வகை நுண்ணிய அதிர்வை அறியும். நான்காவது வகை தோல் இழுபடுவதை அறியும். இவை தவிர வலி, சூடு, குளிர் ஆகியவற்றை அறிவதற்கென்றே தனி நரம்பு முனைகள் தோலில் பரவிக் கிடக்கின்றன. இவை உடல் முழுவதும் ஒரே அளவில் இல்லை. விரல் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முட்கள் பட்டால்கூட இரண்டு என்று நமக்குத் தெரியும். முதுகில் அதே இரண்டு முட்களை இரண்டு விரற்கடை இடைவெளியில் வைத்தாலும் ஒன்று என்றே தோன்றும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா தம் அல்கானூன் மருத்துவ நூலில், தொட்டறிவதற்கு உடலிலேயே மிகப் பொருத்தமான இடம் சுட்டுவிரல் நுனியின் தோல் என்று எழுதி வைத்திருப்பது வியப்புக்குரியது.

தோலில் படும் அழுத்தம் அங்கே சிறு மின்துடிப்பாக மாறுகிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் லெபனானில் பிறந்த ஆர்டம் பட்டபூட்டியன், சூட்டுணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுடன் சேர்ந்து 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். அந்த மின்துடிப்பு நரம்பு வழியே கையில் ஏறி, முதுகுத்தண்டை அடைந்து, மூளைக்குப் போகிறது. வலது கையின் செய்தி மூளையின் இடப்பக்கத்துக்கும், இடது கையின் செய்தி வலப்பக்கத்துக்கும் போய்ச் சேரும். மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதுகு அவ்வளவு பெரியதாக இருந்தும் அதற்குச் சிறிய இடம்தான். கைவிரல்களுக்கும் உதடுகளுக்கும் பெரிய இடம்.

தொடுதலின் செய்தி வினாடிக்கு ஐம்பது மீட்டர் அளவு வேகத்தில் ஓடுகிறது. மெல்ல வரும் வலியின் செய்தியோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டால், இடித்தது முதலில் தெரிகிறது. உயிர் போகும் வலி ஒரு கணம் கழித்து வருகிறது. காரணம் இதுதான். சூடான சட்டியைத் தொட்டால் மூளைக்குச் செய்தி போய்ச் சேரும்வரை உடல் காத்திருப்பதில்லை. முதுகுத்தண்டிலிருந்தே உத்தரவு பிறந்து கை பின்னால் வந்துவிடுகிறது. சுடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

இத்தனை ஏற்பாடும் இரவு பகலாக நம்மைக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காவல் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டவர் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி கொல்லிமலையில் பிறந்தார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த மலை, நம் மலையைவிட உயரத்தில் சற்றுக் குறைந்தது. அக்காலத்தில் அங்கே சாலை கிடையாது. காய்ச்சல் பரவிய காடு. தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் எவலினும் மதப்பணிக்காக வந்தவர்கள். சிறிதளவு மருத்துவமும் கற்றிருந்த தந்தை மலைமக்களுக்குப் புண் கட்டினார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். வீடு கட்டவும் மரவேலை செய்யவும் அவருக்குத் தெரியும். ஒரு முறை தொழுநோய் கண்ட மூவர் வீடு தேடி வந்தபோது, பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டி அனுப்பினார் தந்தை. அந்தக் காட்சி சிறுவனின் மனத்தில் தங்கிவிட்டது.

ஒன்பது வயதில், 1923ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1929ல், தந்தை மலைக்காய்ச்சலின் கடுமையான வகை ஒன்றால் கொல்லிமலையிலேயே மாண்டார். மகன் அவரை மீண்டும் பார்க்கவே இல்லை. ஊரிலிருந்து பிழைக்க வந்து, தகப்பனாரின் மவுத்தைத் தந்தியில் கேட்ட நம் பெரியவர்களுக்கு அந்தத் துயரம் தெரியும்.

மருத்துவம் படிக்க அப்போது பிராண்டுக்கு விருப்பம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சுமார் ஐந்து ஆண்டுகள் கட்டட வேலை பழகினார். தச்சு, கல்வேலை, கொத்து வேலை எல்லாம் கற்றார். பிறகு மதப்பணிக்குத் தயாராகும் குறுகிய மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோது, மருத்துவத்தின் மேல் பற்று உண்டாகிவிட்டது. லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் படித்து அறுவை மருத்துவரானார். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு பொழிந்த நாட்களில் அடிபட்டவர்களுக்கு அறுவை செய்து கை தேறினார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943ல் மணந்தார். உளி பிடித்த ஐந்து ஆண்டுகளும் வீண் என்றே அப்போது தோன்றியிருக்கும். அந்தக் கைத்தொழிலே பின்னர் அவருக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

ஒரு கைகுலுக்கல்

1946ஆம் ஆண்டின் முடிவில் பிராண்ட் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பிக்க வந்தவர் அவர். அவரை வரவழைத்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டுக்கு அருகில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1947ல் ஒரு நாள் பிராண்ட் அங்கே போனார். நோயாளிகளின் கைகள் பறவையின் நகம்போல மடங்கிக் கிடந்தன. சிலருக்கு விரல்களே இல்லை. இவ்வளவு பேருக்குக் கை மடங்கியிருக்க, எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இதை ஆராயவில்லையே என்று வியந்தார்.

அங்கே மடங்கிய கை கொண்ட ஓர் இளைஞரிடம், தம் கையைப் பிடித்து இறுக்கும்படி சைகை காட்டினார். வலுவில்லாத பிடியை எதிர்பார்த்தார். இளைஞரோ இறுக்கிய இறுக்கில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. நகங்கள் தோலில் பதிந்தன. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த இளைஞருக்குத் தெரியவே இல்லை.

அந்த வலியில் இரண்டு உண்மைகள் பிராண்டுக்குப் புலப்பட்டன. இந்தக் கையில் நல்ல வலுவுள்ள தசைகள் மிச்சம் இருக்கின்றன என்பது ஒன்று. அந்தத் தசைகளுக்கு அளவு சொல்லும் உணர்வு செத்துவிட்டது என்பது மற்றொன்று.

முதல் உண்மையிலிருந்து ஓர் அறுவை முறை பிறந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான இடங்களில்தான் பெருகும். ஆகவே முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், முகம் என நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் அது நரம்பைத் தாக்குகிறது. ஆழத்தில் ஓடும் நரம்புகளும், அவை இயக்கும் முன்கைத் தசைகளும் தப்பிவிடுகின்றன. நலமாக இருக்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலில் பொருத்தினால் விரல் மீண்டும் நிமிரும் என்று பிராண்ட் கண்டார். 1948 முதல் அவ்வாறு அறுவை செய்தார். அறுவை முடிந்தபின் நோயாளியின் மூளை புதுப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஒரு விரலை மடக்கிய தசை இப்போது வேறொரு விரலை அசைக்க வேண்டும். வாரக்கணக்கில் பழகியபின் மூளை அதைக் கற்றுக்கொண்டது.

காணாமற்போன விரல்கள்

இரண்டாவது உண்மைதான் பெரியது. தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்பது அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பிய சங்கதி. மலாயாவிலும் அந்த அச்சம் இருந்தது. 1930ல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்புக்கு நோய் கண்டவர்கள் அனுப்பப்பட்டார்கள். கணவன் மனைவியைப் பிரிந்தான், தாய் பிள்ளையைப் பிரிந்தாள். அப்படி ஒருவரை அனுப்பிவிட்டுப் பிறகு அவர் பேரையே எடுக்காத குடும்பங்கள் எத்தனையோ.

பிராண்ட் அந்த நம்பிக்கையைச் சந்தேகித்தார். தொழுநோயாளியின் உடம்பில் தாம் அறுத்த இடம் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறுவதைக் கண்டார். அப்படியானால் சதை கெட்டதன்று. வேறு ஏதோ அதைக் கெடுக்கிறது. அது எது என்று கவனித்தார். ஒரு நாள் அடுப்புத் தணலில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுப்பதைக் கண்டார். இன்னொரு நாள் துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் திணறியபோது, நோஞ்சான் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். தரையில் இரத்தத் துளிகள் கிடந்தன. சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்கோ அது தெரியவில்லை.

வேலூரில் மறுவாழ்வுக்காகக் குடிசைகள் கட்டிப் பிராண்ட் ஓர் இல்லம் அமைத்திருந்தார். அங்கே தச்சு வேலை பழகினார்கள். அவருடைய பழைய கைத்தொழில் அங்கே பயன்பட்டது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிக் குறித்தார்கள். சுத்தியல் பிடியில் இருந்த சிராய், சூடேறிய விளக்கு, செருப்பில் துருத்திய ஆணி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாய் அகப்பட்டன. ஆனால் இரவில் படுத்தவருக்குக் காலையில் விரலின் ஒரு துண்டு இல்லாமல் போவது மட்டும் புதிராக இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலிகள் வந்து கடித்துத் தின்றன; தூங்கியவர் உணரவில்லை. அன்றிலிருந்து அங்கே பூனைகள் வளர்க்கப்பட்டன. வீடு திரும்புகிறவர்களுக்கும் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள்.

விரல்களை உதிரச் செய்தது நோய் நேரடியாக அன்று. வலி என்னும் காவலன் போய்விட்டதால் தினசரி வாழ்க்கையே அவற்றைத் தின்றுவிட்டது. இந்த ஓர் உண்மை எத்தனையோ பேரின் வாழ்க்கையை மாற்றியது. காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கும் என்று ஆயிற்று.

கண்ணிலும் இதே கதைதான். கண் உலர்ந்தால் நாம் அறியாமலே இமைக்கிறோம். கண்ணின் உணர்வு செத்தால் இமைக்கும் நினைவே வராது. பார்வை மெல்லப் போய்விடும். கண் மருத்துவரான மார்கரெட் பிராண்ட் இத்தகைய கண்களைக் காப்பதில் உழைத்தார். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து, வாய் மெல்லும்போது கண் மூடும்படி செய்யும் அறுவையும் நடந்தது.

தொழுநோயாளியின் அச்சம் என்ன என்பதைப் பிராண்ட் ஒரே ஓர் இரவு தாமே அனுபவித்தார். இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து தங்குமிடம் வந்து காலுறையைக் கழற்றினார். ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நோய் தமக்கும் வந்துவிட்டது, இனி மனைவி மக்களைத் தொட முடியாது என்று இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது. ரயிலில் நெருக்கி உட்கார்ந்ததில் நரம்பு சற்றே மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். அன்றுமுதல் வலியை அவர் ஒரு கொடையாகவே கருதினார்.

செய்ய முடியாமற்போன வலி

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. வேலூரிலும் கரிகிரியிலும் உருவான முறைகள் உலகெங்கும் பரவின. உணர்வற்ற கால்களுக்கென்று மென்மையான நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் செய்தார்கள். 1960ல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு பட்டம் வழங்கியது. நம் நாடும் இந்தப் போராட்டத்தில் பங்கெடுத்தது. தொழுநோய்க்குக் கொடுத்த டாப்சோன் மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கக்கூடும் என்பதை 1964ல் முதலில் நிரூபித்தவர்கள் சுங்கை பூலோ ஆராய்ச்சியாளர்கள்தாம். பின்னர் 1980களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இன்று தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோய்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த அரசாங்கத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களுடன் சேர்ந்து ஒரு பெரிய முயற்சி செய்தார். இயற்கை வலி போய்விட்டது. செயற்கை வலி ஒன்றைச் செய்து கொடுத்தால் என்ன? கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் கருவிகளை வைத்தார்கள். அழுத்தம் கூடினால் காதில் ஓசை கேட்கும். நோயாளிகள் ஓசையைச் சட்டை செய்யவில்லை. ஆகவே உணர்வுள்ள ஓர் இடத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார்கள். அப்போதும் பயனில்லை. அழுத்தமான வேலை ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தால் கருவியை அணைத்துவிட்டுச் செய்தார்கள். கருவிகளும் விரைவில் பழுதாயின. பல ஆண்டு முயற்சி கைவிடப்பட்டது.

அந்தத் தோல்வியிலிருந்து பிராண்ட் கற்றது, நாம் நினைத்தால் அணைத்துவிட முடியாததாக இருப்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது என்பது. ஒரு விரல் நுனியில் படைத்தவன் வைத்திருப்பதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை, பணமும் அறிவும் கொட்டியும் மனிதனால் செய்ய முடியவில்லை.

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. காலைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய காயமன்று. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சின்ன அழுத்தம்தான். நாம் நெடுந்தூரம் நடக்கும்போது, பாதத்தின் ஓரிடம் நோகத் தொடங்கினால் நம்மையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்வற்றவர் முதல் அடி வைத்தபடியே ஆயிரமாவது அடியையும் வைக்கிறார். தோல் சூடேறிச் சிவந்து கடைசியில் உடைகிறது. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மாவுக்கட்டு முறை 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் கையாளப்பட்டது. அதை அமெரிக்க மருத்துவர்களுக்கு அறிமுகம் செய்தவர் பிராண்ட்.

கார்வில்லிலிருந்து 1986ல் ஓய்வுபெற்று, சியாட்டில் நகரில் வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி பிராண்ட் காலமானார். அவருடைய தாய் எவலினோ முதுமையிலும் தமிழ்நாட்டு மலைகளிலேயே பணிசெய்து, 95 வயதில், 1974ல் மறைந்தவர்.

நம் வீட்டுப் பாதங்கள்

தொழுநோய்தான் குறைந்துவிட்டதே, இந்தக் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். பிராண்ட் கார்வில்லில் இருந்தபோதே, இனிப்புநீர் நோயாளிகளின் கால் புண்ணும் தொழுநோயாளிகளின் கால் புண்ணும் ஒரே மாதிரி இருப்பதை உணர்ந்தார். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் பாதம் முதலில் மரத்துப்போகிறது. அங்கும் காவலன் போய்விடுகிறான்.

2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இனிப்புநீர் இருந்தது. நம் சங்கக் குடும்பங்களில் இந்த நோய் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். கால் விரல் எடுத்தவர், பாதம் எடுத்தவர், முழங்கால் வரை இழந்தவர் என்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். செருப்புக் கடித்தது தெரியவில்லை. கல் ஏறியது தெரியவில்லை. வெந்நீர் சுட்டது தெரியவில்லை. வலிக்காததால் டாக்டரிடம் போகவில்லை.

வலிக்கவில்லை என்றால் நலம் என்று நினைப்பது நம் வழக்கம். மரத்துப்போன காலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வலிக்காததே ஆபத்து. ஆகவே சில பழக்கங்கள் வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கலாகாது. சப்பாத்தை மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நம் மலைக் குளிருக்கு இதமாகக் காலை வெந்நீரில் வைப்பதும், அடுப்பருகே நீட்டுவதும் வேண்டாம். வெந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்க்கட்டும். ஆணிக்காலைத் தாமே பிளேடால் அறுக்கக் கூடாது. ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அது ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசாங்கக் கிளினிக்கில் பாதத்தைக் காட்ட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு, எந்த அளவு இழையை உணர்ந்தால் பாதத்துக்குக் காவல் இருக்கிறது என்று வரையறுத்ததும் கார்வில் மருத்துவமனைதான்.

இவற்றைவிட எளிய வழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்யும்போது காலைக் கழுவுகிறோம். கால் விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவுகிறோம். ஒரு நாளில் ஐந்து முறை நம் பாதம் நம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஐந்து முறையில் ஒரு முறையாவது நின்று நிதானித்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் எத்தனையோ பாதங்கள் பிழைக்கும்.

குனிய முடியாத பெரியவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும் அதைச் செய்ய வேண்டியவர்கள் பிள்ளைகள். கருவியால் செய்ய முடியாமற்போன வேலையை ஒரு மகனின் கண்ணும் மருமகளின் கையும் செய்துவிடும். வாப்பாவின் காலைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. உம்மா வேண்டாம் என்பார்; காலை இழுத்துக்கொள்வார். விட்டுவிடக் கூடாது. அந்தக் காலுக்கு இப்போது நாம்தான் நரம்பு.

ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுவதும் தூக்கமிழந்து காய்ச்சல் காண்பதுபோல, நம்பிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் இருக்க வேண்டும் என்ற நபிமொழியை மதரஸாவில் படித்த பிள்ளைகளும் அறிவார்கள். சமுதாயம் என்ற உடலிலும் மரத்துப்போன இடங்கள் உண்டு. சுங்கை பூலோவுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோன சொந்தங்கள் அப்படிப்பட்ட இடங்கள்தாம். வயதாகிவிட்டது என்று ஒரு மூலையில் விட்டுவைத்திருக்கும் பெரியவர்களும் அப்படித்தான். அவர்களுடைய வலி நமக்கு எட்டவில்லை என்றால், அவர்களுக்கு வலி இல்லை என்று பொருளன்று.

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளாக மவுத்து வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் முதலில் போய் நின்றிருக்கிறது. இனி, நோய் முற்றுமுன்பே போய் நிற்கும் சங்கமாகவும் அது விளங்கட்டும். இந்த மலர் வீட்டுக்கு வந்து சேரும் அன்று இரவே, வீட்டில் இனிப்புநீர் உள்ள பெரியவர் யாராக இருந்தாலும் அவர் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். தோட்டத்துச் சரிவுகளிலும் கடை வாசல்களிலும் நமக்காக நடந்து தேய்ந்த பாதங்கள் அவை. அல்லாஹ் அவற்றையும் நம்மையும் காத்தருள்வானாக.